என்ஜின் மாற்றிய பிறகு, சூடானதும் நின்றுவிடும் சான்ட்ரோ: சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை, திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங், 1086 சிசி பெட்ரோல் வண்டி. சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலையில் ரேடியேட்டர் ஓஸ் வெடித்து என்ஜின் கடுமையாகச் சூடேறியதில் ஹெட் வளைந்து, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்வதைவிட, அதே மாடலின் வேறொரு என்ஜினை வாங்கி, அதற்குப் புதிய ரிங், பேரிங், ஆயில் சீல், டைமிங் பெல்ட் போட்டு மாட்டிவிடுவதே நல்லது என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். வேலை முடிந்து வந்தபோது என்ஜின் முழுவதும் வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்துப் புதிது போலவே இருந்தது. காலையில் எடுக்கும்போது சத்தமும் சீராக இருக்கிறது, இழுவையும் நன்றாக இருக்கிறது.

தொல்லை சூடான பிறகுதான் தொடங்குகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலிலோ சுங்கச்சாவடி வரிசையிலோ நிற்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்தது போல என்ஜின் நின்றுவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆவதில்லை. பத்து நிமிடம் காத்திருந்தால் எடுத்துக்கொள்கிறது. சமயபுரம் சுங்கச்சாவடியில் இப்படி நின்று, பின்னால் லாரிகள் வரிசை கட்டியிருக்க, குடும்பத்தை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளி ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. ரேடியேட்டர் ஃபேன் ஓடும் நேரத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறது என்பதால் என்ஜின் சூடேறுகிறதோ என்று அஞ்சினேன். ஆனால் வெப்ப முள் நடுக்கோட்டைத் தாண்டியதே இல்லை.

பட்டறையில் முதலில், மிதிக்காதபோது என்ஜின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் ஐடில் மோட்டாரை மாற்றினார்கள். சரியாகவில்லை என்றதும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கூட்டி வைத்தார்கள். பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இப்போது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ போய்விட்டது, அதையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதைக் கேட்டதற்கு, புதிதாக ரிங் போட்ட என்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை இறுக்கமாகத்தான் இருக்கும் என்றார்கள். ஆக்சிலேட்டர் மிதியும் முன்பைவிடக் கடினமாகிவிட்டது. கேபிளுக்கு ஆயில் விட்டும் பயனில்லை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. ஈசியூவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், நானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருந்தால் வரிசைப்படிச் சொல்லுங்கள்.


வைகை வடகரை, மதுரை:

ஐயா, ஈசியூவை இப்போதைக்குத் தொட வேண்டாம். என்ஜினை இறக்கும் முன் ஒழுங்காக வேலை செய்த ஈசியூ, அதை ஏற்றிய பிறகு தானாகவே கெட்டுப்போவது அரிது. இத்தகைய வேலைக்குப் பின் வரும் கோளாறுகள், வேலையின்போது யார் கையோ கழற்றித் திரும்ப மாட்டிய இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்.

என்ஜின் நிற்கும் அந்த நொடியில் இல்லாமல் போவது பெட்ரோலா, ஸ்பார்க்கா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் இரண்டு மூன்று முறை திணறி, மிதித்தால் தும்மி, அதன் பிறகே அடங்கும். சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று அடங்குவதாக நீங்கள் எழுதியிருப்பது, இக்னிஷனும் இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் அறுபடுவதையே காட்டுகிறது. ஆகவே பம்பை மாற்றியது தேவையற்ற செலவு என்பதே என் கணிப்பு.

அடுத்த முறை நின்றதும் சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆனில் வைத்து, பின்சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு நொடி ஓடும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து, மாற்று பிளக் ஒன்றை ஒரு பிளக் ஒயரில் செருகி, அதன் உலோக உடல் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இடத்தில் தொடும்படி கிளிப்பால் கட்டிவிட்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கையால் பிடித்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. அருகில் பெட்ரோல் கசிவு இருந்தாலும் செய்யக் கூடாது.

ஸ்பார்க் வரவில்லை என்றால் என் முதல் சந்தேகம், என்ஜின் சுழல்வதை ஈசியூவுக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் மீதுதான். இந்தச் சென்சாரின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பத்து நிமிடம் பொறுத்தால் வண்டி எடுக்கும் என்ற அறிகுறி இதற்கு மிகவும் பொதுவானது. நின்றவுடன் சென்சார் மீது ஈரத்துணியைச் சுற்றிக் குளிர வையுங்கள். வழக்கத்தைவிட விரைவாக ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கும். சில வண்டிகளில் இது ஃப்ளைவீல் பக்கத்திலும் வேறு சிலவற்றில் கிராங்க் கப்பிப் பக்கத்திலும் இருக்கும். அதன் ஒயர் சைலன்சர் மேனிஃபோல்டில் உரசி உருகியிருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும்போது இடம்காட்டும் டவல் பின்களைத் தொலைத்துவிட்டுப் போல்ட்டை மட்டும் முடுக்கியிருந்தாலும், ஃப்ளைவீல் பக்கச் சென்சாரின் இடைவெளி மாறி இதே தொல்லை வரும்.

பட்டறையில் இருக்கும் பெரிய ஸ்கேனரைக் கொண்டு பழைய கோளாறுக் குறியீடுகள் ஏதும் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பி0335 என்று வந்தால் அது கிராங்க் சென்சார் சுற்றைக் குறிக்கும். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி எனும், கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் வசதி கட்டாயமானது 2010 ஏப்ரலுக்குப் பிறகுதான் என்பதால், இணையத்தில் விற்கும் சிறிய புளூடூத் கருவிகள் உங்கள் 2008 வண்டியோடு பேசும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.


மின்பணி, கோவை:

வணக்கம் நண்பரே. நான் வாகன மின்வேலை செய்பவன். மதுரை நண்பர் சொன்ன கிராங்க் சென்சார் சோதனை சரியானதே. ஆனால் உங்கள் கடிதத்தில் சிறு குறைகளாக இறுதியில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் கேபிள் கடினமாகிவிட்டது என்கிறீர்கள். இவை இரண்டும் என்ஜின் மாற்றிய பிறகு ஒன்றாக வந்திருந்தால், நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் என்ஜினின் எர்த் ஒயரைத்தான் பார்ப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நேரடி உலோகத் தொடர்பு கிடையாது. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு ஒயர் பாடிக்கும், தடித்த ஒயர் ஒன்று என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் அந்தத் தடித்த ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆல்டர்னேட்டரும் என்ஜினில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதால், வண்டி ஓடும்போது ஹெட்லைட், புளோயர், ரேடியேட்டர் ஃபேன் ஆகிய அனைத்தின் மின்னோட்டமும் பாடியிலிருந்து அதே பாதையில்தான் என்ஜினுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த ஒயர் இல்லாமலோ பிடிப்பு சரியில்லாமலோ போனால், மடை அடைபட்ட தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போவதைப் போல, மின்னோட்டம் பாடியையும் என்ஜினையும் இணைக்கும் வேறு ஏதாவது உலோகத்தைத் தேடிப் பிடிக்கும். அப்படி அகப்படுவது பெரும்பாலும் ஆக்சிலேட்டர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பிதான். இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத அந்தக் கம்பி சூடேறி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையை உருக்கிவிடும். உங்கள் மிதி கடினமானதற்கு ஆயில் குறைவு காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஃபேன் ஓடும் நேரத்தில் வண்டி நிற்பதும் இதோடு பொருந்துகிறது. பெரும்பாலான வண்டிகளில் ஈசியூவின் எர்த்தும் பல சென்சார்களின் எர்த்தும் என்ஜினில்தான் முடியும். ஃபேன் ஓடத் தொடங்கியதும் பாடிக்கும் என்ஜினுக்கும் இடையிலான வோல்டேஜ் வேறுபாடு திடீரென்று உயர, ஈசியூ சென்சார்களிடமிருந்து பெறும் அளவுகள் எல்லாம் குழம்பிப்போய் என்ஜின் அடங்கிவிடும். ஃபேன் அரை மணி நேரம் ஓட்டிய பிறகே ஓடத் தொடங்குவதால், சூட்டினால் வரும் கோளாறு போலவே இது தோன்றும். இதற்குக் குறியீடு எதுவும் பதிவாகாமல் போவதும் உண்டு. என்ஜின் இறுக்கமாக இருப்பதால் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ரிங் மாற்றிய என்ஜின் சற்று இறுக்கமாக இருக்கலாம், ஆனால் நல்ல பேட்டரியும் நல்ல எர்த்தும் இருந்தால் அதைச் சுற்ற முடியாமல் செல்ஃப் தவிக்காது.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனைமீதே வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்பின் குறை மறைந்துவிடும். சிவப்பு முனையை என்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடித்தபடி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு உறுதி. பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு, ஃபேன் ஓடும் வரை காத்திருந்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். அப்போது 0.1 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும்.

அளவு கூடுதலாக இருந்தால், ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜினில் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டிலும் கவ்வவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். கேபிள் பெல்ட்டிலோ ஃபேனிலோ சிக்காதபடி வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு உங்கள் காதுக்கே கேட்கும். இதைச் செய்து முடிக்கும்வரை தயவுசெய்து வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். உருகிய கேபிள் மிதித்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் ரேஸ் குறையாது. தீப்பிடிக்கும் வாய்ப்பும் இருக்கிறது.


காவிரிக்கரை, திருச்சி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவை நண்பர் சொன்னபடியே என் மைத்துனரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அளந்தேன். மீட்டர் 1.9 வோல்ட் காட்டியது. என்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டும் புளோயரும் போட்டதும் 0.4 வரை ஏறியது. ஃபேன் ஓடத் தொடங்கிய கணத்தில் 0.8-ஐத் தாண்டி, ஐடில் நடுங்கியது. ஜம்பர் கேபிளைக் கவ்வவிட்டு அடித்தபோது, என்ஜின் பழுதாவதற்கு முன் எப்படி இருந்ததோ அதே விரைவில் செல்ஃப் சுற்றியது. கேபிளை எடுக்காமலேயே வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் ஏசியோடு ஓடவிட்டேன். ஃபேன் பலமுறை ஓடி நின்றது. என்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிறகு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் ஒயரைத் தேடிப் பார்த்தோம். ஒயர் இருந்தது, போல்ட்டும் இருந்தது. போல்ட்டைக் கழற்றி வளையத்தைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, அதற்கு அடியில் வெள்ளி நிறப் பெயிண்ட் கொஞ்சமும் சிதையாமல் பளபளவென்று அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தது. செம்பு இழைகள் வளையத்துக்குள் நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறி, பாதி இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றி உள்கம்பியை இழுத்தோம்; ஒரு விரல் நீளத்துக்கு உறை பழுப்பேறி உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. அந்தக் கம்பியைப் பார்த்தபோது எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்படி செய்து, புதிய தடித்த ஒயரும் புதிய கேபிளும் போட்டுவிட்டோம். இப்போது செல்ஃப் அடிக்கும்போது 0.15 வோல்ட்தான் காட்டுகிறது. வண்டி நிற்பதே இல்லை.

ஆனாலும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏசி கம்ப்ரசர் சேர்ந்ததும் ரேஸ் இறங்கி வண்டி அதிர்கிறது. ஏசி போடாதபோது ஐடில் தேவைக்கு மேல் உயர்ந்தே இருக்கிறது. மேலும், மாற்றிய என்ஜினின் எண் ஆர்சியில் உள்ளதோடு பொருந்தாது என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


பாலாற்றங்கரை, வேலூர்:

உங்கள் பதிவுகள் முழுவதையும் படித்தேன். மிச்சமிருக்கும் குறைக்கு, பட்டறையில் திருகிய அந்தத் திராட்டில் ஸ்க்ரூதான் காரணமாக இருக்க வேண்டும். அது ரேஸ் கூட்டுவதற்கான ஸ்க்ரூ அன்று. திராட்டில் தகடு எந்த அளவுக்கு மூட வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் அளந்து நிறுத்திய எல்லை. அதைத் திருகித் தகட்டைத் திறந்தே வைத்தால், காலை எடுத்த பிறகும் மிதி மிதிபட்டே இருப்பதாக ஈசியூ எண்ணிக்கொண்டு, ஐடில் நேரத்துக்குரிய கட்டுப்பாட்டைத் தொடங்காது. அதனால்தான் ஏசி போடாதபோது ஐடில் உயர்ந்தும், ஏசி சேர்ந்து சுமை கூடும்போது ஐடில் மோட்டார் உதவிக்கு வராமலும் இருக்கிறது. திராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, திராட்டில் சென்சார் மூடிய நிலைக்குரிய அளவைக் காட்டுகிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். புதிய கேபிளிலும் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும்; இறுக்கமாகக் கட்டியிருந்தால் அதுவும் தகட்டை இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகு பேட்டரி மைனஸைச் சிறிது நேரம் கழற்றி மாட்டிவிட்டு, என்ஜின் சூடாகி ஃபேன் ஓடி நிற்கும்வரை மிதிக்காமல் ஐடிலிலேயே விட்டால், ஈசியூ தன் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

அப்படியும் ஐடில் ஏறி இறங்கினால், இன்டேக் மேனிஃபோல்டு வழியாகத் தேவையற்ற காற்று நுழைகிறதா என்று பாருங்கள். என்ஜின் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்துவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. கேஸ்கெட் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, எங்காவது அது உறிஞ்சப்பட்டு ஐடில் மாறுகிறதா என்று கவனித்தாலே போதும்; சூடான சைலன்சர் அருகே பெட்ரோலையோ ஸ்பிரேயையோ அடிக்க வேண்டாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸை நாமே கையால் அசைத்துப் பார்த்து, அது கழன்று வராது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் கசிவு இருந்தால் கெடுவது ஐடில் மட்டுமன்று, பிரேக்கும்தான்.

ஆர்சி பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, முன் அனுமதி பெறாமல் என்ஜினை மாற்றியிருந்தால், மாற்றிய 14 நாட்களுக்குள் நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்சியில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். காலம் கடந்துவிட்டது என்பதற்காகத் தள்ளிப்போடாமல் உடனே போங்கள். அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான ரசீதும் ஆவணமும் இல்லாமல் போனால் சிக்கலாகும் என்பதால், பட்டறையிடம் அவற்றை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண் பதிவான பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதைத் திருத்தச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும் நாளில் எண் பொருந்தாமல் நிற்பது மிகுந்த அலைச்சலைத் தரும்.


மின்பணி, கோவை:

அளவுகளை எழுதியதற்கு நன்றி நண்பரே. மற்றவர்களுக்கும் அது பயன்படும். எர்த் போல்ட்டை முடுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் அல்லது வாசலின் தடவுங்கள். வளையத்துக்கு அடியில் தடவ வேண்டாம். கிளட்ச் கேபிளையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். மின்னோட்டம் ஒரே கம்பியில்தான் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

பம்புக்கும் ஐடில் மோட்டாருக்கும் கொடுத்த பணத்தைப் பற்றிப் பட்டறையில் பேசும்போது, சண்டையாகத் தொடங்காமல், ஜம்பர் கேபிளோடும் இல்லாமலும் எடுத்த அளவுகளையும், உருகிய கேபிளையும், பெயிண்ட் படிந்த போல்ட்டையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள். கழற்றிய பழைய பம்பைத் திருப்பிக் கேளுங்கள். அது நன்றாக ஓடினால், புதியதைக் கழற்றிக்கொண்டு பழையதையே மாட்டிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பும்படி கேட்பது நியாயமானதே. ஒத்துவராவிட்டால், ரசீதுகள் கையில் இருக்கும்வரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம்; அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை காலம் உண்டு. உருகிய கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.